இரண்டு சம்பந்திகளும் ஒரு லாரியும்

பெண் கொடுத்த வீட்டு வாசலில், ஒரு காரியம் ஆக வேண்டுமே என்று போய் நிற்பது எவ்வளவு சங்கடம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். அன்று பெரியக்கா நின்றாள். அதுவும் யாரிடம்? மகள் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசியிராத சம்பந்தியிடம்.

பெரியக்கா என்பது உடன்பிறந்தவர்கள் கூப்பிட்ட முறை. ஐந்து பேரில் அவள் மூத்தவள். பிறகு வேலை பார்த்த சரக்குக் கிடங்கிலும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அங்கே அவள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் பெட்டிகளைத் தூக்கி லாரியில் அடுக்கும் வண்டி அது. லாரிகள் வரும், முதுகைக் காட்டி நிற்கும், அவள் அடுக்குவாள், போய்விடும். ஊர் ஊராகப் போன சரக்கில் பாதி அவள் ஏற்றி அனுப்பியதுதான். அவளோ கிடங்கின் இரும்புக் கதவைத் தாண்டி ஒரு சரக்கோடும் போனதில்லை. ஒரு நாள் பெட்டிகளை அடுக்கி முடித்துவிட்டு, "இதெல்லாம் எங்க போகுது?" என்று டிரைவரைக் கேட்டாள். "மலைக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் போய்விட்டான். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அன்று முழுக்க அவளுக்கு அதே நினைப்பு.

நினைப்பு விதை மாதிரி. ஒரு தடவை விழுந்துவிட்டால் கிடந்து முளைக்கும். மகள் கல்யாணம் முடிந்த மறு வருஷம் பெரியக்கா பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து கனரக வண்டி லைசென்ஸ் எடுத்தாள். கிடங்கு வேலையை விட்டாள். பழைய லாரி ஒன்று வாங்கித் தானே ஓட்டப்போவதாக வீட்டில் அறிவித்தாள்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில்தான் மிஷின். அவர் காலை மிதிபலகையிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"வாங்கு. ஆனா விஷயம் தெரிஞ்ச ஆளை வச்சு வாங்கு. பழைய லாரியும் பழைய சட்டையும் ஒண்ணு. வெளிய பார்க்க நல்லாத்தான் இருக்கும். கையைத் தூக்கினாத்தான் அக்குள்ல கிழிசல் தெரியும்."

விஷயம் தெரிந்த ஆள் என்றால், சொந்தபந்தத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். சம்பந்தி.

டிரைவர்கள் மத்தியில் அவருக்குப் பெயர் ஹாரன். அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது வீட்டில் நாய் எழுந்து உட்காரும். அப்படிப்பட்ட குரலால்தான் கல்யாண மண்டபத்தில் வம்பு வந்தது. பெண்ணின் அம்மா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள் என்று யாரோ பெருமையாகச் சொல்ல, ஹாரன் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பெட்டி தூக்கறது வேற, வண்டி ஓட்டறது வேற" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது. பெரியக்கா மறுகோடியிலிருந்து, "கத்தறது வேற, ஓட்டறது வேற" என்றாள். அதுவும் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஹாரன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் நலம் விசாரித்துக்கொள்வதுகூட மகள், மருமகன் வழியாகத்தான்.

இப்போது வாசல் கதவைத் திறந்தது ஹாரனின் மனைவி. பெரியக்காவைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தில், வெள்ளத்தில் போகிறவளுக்கு ஒரு மரக்கட்டை அகப்பட்டதுபோல ஒரு வெளிச்சம்.

"வாங்க பெரியக்கா, வாங்க. லாரி விஷயமாத்தானே? மருமக சொன்னா. இவரை முதல்ல கூட்டிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விஷயம் இதுதான். ஹாரனுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், ஆனால் கனரக வண்டியின் கிளட்சை நாள் முழுக்க மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரியை விட்டு இறங்கியவர் வீட்டை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். மனைவி நாற்காலியை நகர்த்தினால், "பின்னால வா, பின்னால வா, இன்னும் இடமிருக்கு, ஹோல்டு!" என்பார். குழம்பு கொதித்தால், "வேகத்தைக் குறை" என்பார்.

கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஹாரன் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"லாரி யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஓட்டப்போறது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப நான் எதுக்கு?"

"பார்த்து வாங்கறதுக்கு. எனக்கு ஏத்தத் தெரியும், ஓட்டத் தெரியும். வாங்கத் தெரியாது சம்பந்தி."

தெரியாது என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது ஹாரனுக்குப் போதுமானதாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பிகு பண்ணலாமா என்று யோசித்தார். அதற்குள் அவர் மனைவி அவருடைய செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டாள்.

முதலில் பார்த்த லாரி, பழைய வண்டிகளை விற்கும் ஒரு வளாகத்தில் நின்றது. நீல நிறம். கண்ணாடிபோலப் பளபளவென்று இருந்தது. ஹாரன் பல வருஷம் ஓட்டிய அதே மாடல். பார்த்த மாத்திரத்தில் மனிதர் உருகிவிட்டார். கதவைத் தடவினார், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார், சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, இதுதான். வேற பார்க்கவே வேண்டாம்."

புரோக்கர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே திருகலில் கிளம்பியது. "பார்த்தீங்களா?" என்றார் ஹாரன்.

பெரியக்கா கேபினுக்குள் ஏறி, எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. இப்போதுதான் கிளம்பிய எஞ்சின் அதற்குள் சுடுமா?

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட விட்டீங்களா?"

"அது... கொஞ்சம் நகர்த்தி வச்சோம்" என்றார் புரோக்கர்.

ஹாரன் கண்ணைத் திறந்தார். முகம் மாறிவிட்டது. காதலில் விழுந்தவர் டிரைவராக எழுந்து உட்கார்ந்தார். "அணைங்க. நல்லா ஆறட்டும். சாப்பிட்டுட்டு வரோம். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று அவர் சொன்னது வளாகத்தின் கடைசி வண்டி வரை கேட்டது.

திரும்பி வந்தபோது நீல லாரி தன் சுயரூபத்தைக் காட்டியது. செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் எழுந்திருக்க மனசில்லாமல் முனகுகிறது. ஒருவழியாகக் கிளம்பியபோது பின்னால் புகை. வண்டிக்குப் பொருத்தமாக அதுவும் நீலம்.

"டீசலோட சேர்த்து எண்ணெயையும் குடிக்குது. இதுக்குக் குடிக்கக் கொடுத்தே நீங்க ஓய்ஞ்சு போயிடுவீங்க. வாங்க போகலாம்."

தெருமுனையில் ஹாரன் ஒரு தடவை திரும்பி நீல லாரியைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். மெல்ல என்றால் அவரளவில் மெல்ல. "கையை வச்சுப் பார்க்கணும்னு யார் சொன்னாங்க?"

"ஃபோர்க்லிஃப்டுக்கும் எஞ்சின் உண்டு சம்பந்தி."

"ம்" என்றார் ஹாரன்.

அதற்குப் பிறகு இன்னும் சில வண்டிகளைப் பார்த்தார்கள். ஒன்றுக்கு அடிச்சட்டம் வளைந்திருந்தது, ஒன்றுக்கு உரிமையாளரே யார் என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு கால்நடைத் தீவன வியாபாரியின் கொட்டகையில் நின்ற லாரி. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். இப்போது ஆறிப்போன டீயின் நிறம். கதவோரம் துரு. முன்பக்கத்தில் ஒரு நசுங்கல், மூக்கில் குத்து வாங்கியதுபோல.

தீவனக்காரர் வித்தியாசமான ஆள். வண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும். மழை பெஞ்சா பக்கத்து சீட்டுல சொட்டும். அந்தப் பக்கக் கதவை உள்ள இருந்து திறக்க முடியாது, வெளிய இருந்துதான் திறக்கணும். கண்ணாடியும் பாதிக்கு மேல இறங்காது. புதுசு வாங்கிட்டேன், இதை நிறுத்த இடமில்ல, அதான் விக்கறேன்."

ஹாரன் பெரியக்காவின் காதோரம் குனிந்தார். "தன் வாயால குறை சொல்றவனை நம்பவே கூடாது. பெரிய ஓட்டையை மறைக்கத்தான் சின்ன ஓட்டையைக் காட்டுவான்."

தீவனக்காரர், "எனக்குக் கேக்குதுங்க" என்றார்.

ஹாரனால் முழங்காலை மடக்கி வண்டிக்கு அடியில் போக முடியாது. ஆகவே பெரியக்கா சாக்கு ஒன்றை விரித்து, டார்ச்சோடு மல்லாந்து உள்ளே நுழைந்தாள். ஹாரன் வெளியே நின்று கேள்வி கேட்டார்.

"சட்டத்துல எங்கயாவது வெல்டிங் வச்ச தழும்பு இருக்கா?"

"இல்ல."

"ஒரு இடத்துல மட்டும் புதுசா பெயிண்ட்?"

"எல்லாமே பழசு. ஒரே மாதிரி அழுக்கு."

"நல்ல அழுக்கா?"

"ரொம்ப நல்ல அழுக்கு சம்பந்தி."

"ஸ்பிரிங் பட்டையில விரிசல்? கையால தடவிப் பாருங்க."

அவள் ஒவ்வொரு பட்டையாகத் தடவினாள். டயர்களைப் பார்த்தார்கள், எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஆறிக்கிடந்த எஞ்சினைக் கிளப்பினார்கள். ஒருமுறை இருமிவிட்டு நிதானமாக ஓட ஆரம்பித்தது. பிரேக்குக்குக் காற்று நிரம்பியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, எங்காவது காற்று கசிகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஹாரன் வாயைத் திறக்காமல் இருந்த அந்தச் சில நிமிஷங்களில் கொட்டகைக் கூரையில் குருவி தத்துவதுகூடக் கேட்டது. காற்றுச் சத்தம் இல்லை. காற்றழுத்த மீட்டரின் முள் அசையவில்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். பெரியக்கா ஸ்டியரிங்கில், ஹாரன் பக்கத்தில். ஊர்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மேட்டில் ஏறி, இறங்கி, பழையபடி கொட்டகைக்கு வந்து நிறுத்தினாள். அவள் இறங்கினாள். தீவனக்காரரோடு பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கேபினுக்குள்ளிருந்து, பாதி இறங்கிய கண்ணாடி வழியாக ஒரு குரல்.

"சம்பந்தியம்மா! கதவு!"

பெரியக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்த் திறந்துவிட்டாள். அந்தக் கணத்தில் இந்த லாரியைத்தான் வாங்குவது என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள் என்று மகள் பிற்பாடு சொல்வதுண்டு. அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

லாரி வீட்டுத் தெருவுக்கு வந்தபோது தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். "அழகில்ல. ஆனா நல்ல கட்டு" என்றார். சீட்டுகளுக்கு அளவெடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இரண்டு சீட்டுக்கும் கெட்டித் துணியில் உறை தயார். சரக்குக்குக் கீழே மெத்தையாக வைக்க, பழைய துணிகளை அடைத்துத் தலையணைபோல ஒரு கட்டும் தைத்துக் கொடுத்தார். கதவுக்கு வேண்டிய பாகம் மட்டும் கிடைக்கவில்லை. சொல்லி வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். கடைக்காரர்கள் எப்போதும் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்.

முதல் லோடு மரங்கள். மரம் என்றால் அறுத்த மரம் இல்லை, உயிருள்ள மரம். ஒரு நாற்றுப்பண்ணையில் ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்கு வளர்ந்திருந்த மரங்களை வேரோடும் மண்ணோடும் தோண்டி, வேர்ப்பந்தைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கு அவை போக வேண்டும். நாலைந்து லாரிக்காரர்கள் மாட்டேன் என்றிருந்தார்கள். மெதுவாகப் போக வேண்டும், நடுவில் நிறுத்தி வெயிலில் காயவிடக் கூடாது, இலை உதிர்ந்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், யாருக்கு வேண்டும் இந்தத் தலைவலி என்று. பெரியக்காவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

விடியற்காலையில் ஏற்றினார்கள். வேர்ப்பந்துகள் முன்பக்கம், கிளைகள் பின்பக்கம் சரிந்து இருக்கும்படி அவளே நின்று அடுக்க வைத்தாள். மேலே வலை போட்டுக் கட்டினாள். கூட வருகிறேன் என்று இருட்டிலேயே வந்து நின்ற ஹாரன் கயிறு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தளரவில்லை. அது அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்த மாதிரி பட்டது.

வண்டி கிளம்பியது. ஹாரனும் கிளம்பினார்.

"இப்ப மூணாவது போடுங்க. போடலாம், போடலாம். அந்த வேனுக்கு வழி விடாதீங்க. விட்டுட்டீங்களா? சரி. பள்ளம், பள்ளம்! கண்ணாடியைப் பாருங்க. பின்னால பாருங்க. முன்னால பாருங்க!"

ஊர் எல்லை தாண்டும்வரை பெரியக்கா பொறுத்தாள். மலையடிவாரம் வரை பொறுத்தாள். முதல் வளைவில், "ஒடிங்க, ஒடிங்க, இன்னும் ஒடிங்க" என்ற குரலில் அவள் கை ஒரு நொடி தடுமாறியது. அகலமான ஒரு இடம் பார்த்து வண்டியை ஓரம் கட்டினாள். எஞ்சினை அணைத்தாள்.

"சம்பந்தி, ஒரு ஸ்டியரிங்கை ரெண்டு பேர் பிடிக்க முடியாது. நீங்க வாயால பிடிச்சீங்கன்னா நான் கையை விட்டுடறேன். சொல்லுங்க, எது வேணும்?"

ஹாரன் அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியிருந்தாலும், கதவை யார் திறந்துவிடுவது?

அதற்குப் பிறகு கேபினில் எஞ்சின் சத்தம் மட்டும்தான். பெரியக்கா ஏற்றத்தில் வண்டியை அவசரப்படுத்தவில்லை. அது தன் போக்கில் உறுமிக்கொண்டு ஏறியது. உச்சியைத் தாண்டியதும் இறக்கம். சரிவு தொடங்குவதற்கு முன்பே அவள் வேகத்தைக் குறைத்து, கிளட்சை இரண்டு தடவை மிதித்து, அடம் பிடிக்கிற இரண்டாவது கியரைத் தாஜா பண்ணி விழ வைத்தாள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும் என்று இருந்தது.  கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த ஹாரனின் விரல்கள் மூன்றாவது வளைவில் தளர்ந்தன. ஐந்தாவது வளைவில் கை மடிக்கு வந்துவிட்டது.

மலை இறங்கிக் கொஞ்ச தூரத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு ரயில் பாலம். அதன் அடியில்தான் போக வேண்டும். எவ்வளவு உயரம் வரை போகலாம் என்று எழுதியிருந்த பலகை மழையில் வெளுத்து வெறும் தகரமாகிவிட்டிருந்தது. பெரியக்கா வேகத்தைக் குறைத்து நிறுத்தினாள்.

"சம்பந்தி, இதுல போகுமா?"

"ஒரு ஸ்டியரிங்கை ரெண்டு பேர் பிடிக்க முடியாது" என்றார் ஹாரன், ஜன்னலைப் பார்த்து.

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேண்டியதுதான் எனக்கு. இப்பக் கேக்கறேன், சொல்லுங்க."

"போகும். இந்தப் பாலத்துக்கு அடியில எத்தனையோ தடவை போயிருக்கேன்."

"மரத்தை ஏத்திக்கிட்டா?"

ஹாரன் யோசித்தார். பெரியக்கா இறங்கி, பாலத்தையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கிடங்கில் மேல் தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழையுமா என்று தூரத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண். "பின்னால இருக்கற மூணு மரம் இடிக்கும். ஒரு முழம் குறைக்கணும்" என்றாள்.

அதற்குள் பின்னால் ஒரு பஸ், இரண்டு வேன், ஏழெட்டுக் கார் சேர்ந்துவிட்டன. எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். பின்னால் எடுத்தால்தான் ஓரத்தில் இருந்த திடலுக்குள் வண்டியை விட முடியும். பின்னால் எடுக்க இடமில்லை. 

"கதவைத் திறந்துவிடுங்க" என்றார் ஹாரன்.

இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சாலையின் நடுவில் போய் நின்று வாயைத் திறந்தார்.

"யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது! பஸ்ஸு பின்னால போ! வெள்ளை வேன், உனக்குத்தான் சொல்றேன், ஓரம்! அந்தக் கார்ல இருக்கற அம்மா, நீங்க ரிவர்ஸ் எடுங்க, பயப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்!"

சத்தம் நின்றுவிட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. பஸ் ஜன்னலிலிருந்து அதன் டிரைவர் தலையை நீட்டினார். "ஹாரன் அண்ணனா? முகம் தெரியலை, குரலை வச்சே கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கையசைத்தார்.

ஹாரன் பின்பக்கம் போய் நின்று சைகை காட்ட, பெரியக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வண்டியை நூல் பிடித்ததுபோலத் திடலுக்குள் விட்டாள். இந்தத் தடவை, "வா வா வா, ஹோல்டு" என்ற குரல் அவளுக்குத் தொந்தரவாக இல்லை. குரல் நின்ற இடத்தில் அவள் கால் நின்றது.

பிறகு வேலை அவளுடையது. மேலே ஏறி வலையைப் பிரித்தாள். உயரமான மூன்று மரங்களின் கட்டை அவிழ்த்து, அவற்றை இன்னும் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். கிளை முறியக் கூடாது, வேர்ப்பந்து உடையக் கூடாது. கணவர் தைத்துக் கொடுத்த துணிக்கட்டைத் தண்டுக்கு அடியில் வைத்தாள். ஹாரனும் பஸ் டிரைவரும் கீழிருந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நாலு பேர் தாங்கிக்கொள்ள, மரத்தைத் தூங்கும் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினாள். "மெதுவா... விடாதீங்க... இப்ப விடுங்க." இப்போது உத்தரவு அவளிடமிருந்து வந்தது. ஹாரன் அப்படியே செய்தார்.

பாலத்துக்கு அடியில் லாரி நத்தைபோல ஊர்ந்தது. ஹாரன் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே மேலே பார்த்துக்கொண்டு போனார். ஒரு கிளை இரும்பை உரசி, நாலைந்து இலைகள் உதிர்ந்தன. அவ்வளவுதான். மறுபக்கம் வெயிலுக்கு வந்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஹாரன் தேர்தலில் ஜெயித்தவர்போல இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிவிட்டு வந்து, பெரியக்கா கதவைத் திறந்துவிடுவதற்காகப் பணிவாக நின்றார். வெளியிலிருந்து தானே திறக்கலாம் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் வீடுகள்தான் இருந்தன. வரிசை வரிசையாகப் புது வீடுகள். கொடியில் துணி காய்ந்தது. யாரோ ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் மிக்ஸி ஓடியது. தெருவில் மட்டும் பொட்டு நிழல் இல்லை. குழிகள் வெட்டித் தயாராக இருந்தன. லாரி தெருவுக்குள் திரும்பியதும் பெண்கள் வாளியும் குடமுமாக வெளியே வந்தார்கள். எந்த மரம் யார் வீட்டுக்கு முன்னால் என்று அதற்குள் ஒரு சின்ன சண்டைகூட ஆரம்பித்துவிட்டது.

தோட்டக்காரர் ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். "முறியாம கொண்டுவந்துட்டீங்களே" என்றார், நம்ப முடியாமல்.

இறக்கிக் கொடுத்தால் லாரிக்காரர் வேலை முடிந்தது. பெரியக்கா கிளம்பவில்லை. முதல் மரத்தைக் குழிக்குள் நிறுத்தி மண் தள்ளும்போது தண்டைச் சாயாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். மண் விழுந்து விழுந்து மரம் மெல்லப் பிடி கொள்வதை அவள் கையில் உணர்ந்தாள். ஒரு கட்டத்தில் அவள் பிடிக்காமலே அது நின்றது. கையை எடுக்கத்தான் மனசு வரவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ ஏற்றியிருக்கிறாள். ஒன்று போய்ச் சேர்ந்ததைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்த வீட்டுப் பெண் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது பெரியக்காவின் முகம் முழுக்க மண்ணும் சிரிப்பும்.

சாயங்காலம் காலி வண்டியோடு திரும்பும்போது ஹாரன் வாய் திறந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இறக்கத்துல ரெண்டாவது போட்டீங்களே."

"ஆமா."

"அந்தக் கியர் எனக்கே விழுந்திருக்காது."

இதற்கு மேல் பாராட்டை எதிர்பார்க்கிறவள் பேராசைக்காரி. பெரியக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் மகள் வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹாரன் கதை சொன்னார். கதையில் பாலம் இன்னும் தாழ்ந்திருந்தது, பின்னால் நின்ற வண்டிகள் நூறைத் தொட்டன. "நான் சொன்னேன், இது போகாதுன்னு. பார்த்த உடனே சொல்லிட்டேன்" என்றார். மகள் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். பெரியக்கா, "ஆமா, உங்க மாமாதான் சொன்னாரு. இன்னும் கொஞ்சம் சாதம் போடு அவருக்கு" என்றாள். ஹாரன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, "மரத்தைச் சாய்ச்சது அவங்க. அதையும் சொல்லணும்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பிறகு சிமெண்ட் குழாய் ஏற்றினார்கள், பள்ளிக்கூட பெஞ்சு ஏற்றினார்கள். ஒரு தடவை முழுக்க முழுக்கத் தலையணை. கதவுக்கு வேண்டிய பாகமும் வந்து சேர்ந்தது. மாட்டிய அன்று ஹாரன் ஏழெட்டு முறை ஏறி இறங்கினார்.

ஒரு நாள் காலை, தரை ஓடு ஏற்றிக்கொண்டு, ஹாரனைக் கூட்டிப்போக லாரியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினாள் பெரியக்கா. வாசலில் அவர் மனைவியும் நின்றாள். கையில் பை, தோளில் சால்வை.

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?" என்றார் ஹாரன்.

"நீங்க இல்லாம வீடு அமைதியா இருக்கு. முதல் தடவை நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எந்தப் பாத்திரத்தை எங்க வைக்கறதுன்னே தெரியலை."

ஹாரன் பெரியக்காவைப் பார்த்தார். பெரியக்கா கியரின்மேல் கை வைத்துக்கொண்டு, "பக்கத்து சீட்டு நீளமானது. என்னோட சேர்த்து மூணு பேர் தாராளமா உக்காரலாம். யார் நடுவுலங்கறதை மட்டும் நீங்களே பேசி முடிச்சுக்கங்க" என்றாள்.

அந்த அம்மாள் நடுவில் உட்கார்ந்தாள். இவ்வளவு உயரத்திலிருந்து தன் தெருவை அவள் பார்த்ததே இல்லையாம். எதிர்வீட்டு மாடியில் இவ்வளவு பூத்தொட்டி இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டாள். தபால்காரர் சைக்கிளை ஓரம் கட்டி வழிவிட்டபோது, பெரிய மனுஷிபோல அவருக்குத் தலையசைத்தாள். பெரியக்கா முதல் கியரைப் போட்டாள். லாரி ஓடுகளின் கனத்தோடு மெல்ல அசைந்து, தெருமுனையில் திரும்பி, வெயில் விழுந்த பெரிய சாலையில் ஏறியது.